சிக்கிய தாள்

சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரே
இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர்,
ஒரு டேபிள் ஃபேன்.
வேலூர் வெயிலில் அதுவும் மூச்சுத்தான் வாங்குகிறது.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
இரண்டு தரப்புக்கும் அதே விலை.

இன்று முதலில் வந்தவள் சுகுணா.
மகனின் காயச் சான்றிதழ், மூன்று காப்பி.
வலது கை, மூன்று விரல், நரம்பு அறுந்திருக்கிறது.
"பேனா பிடிப்பானா?" என்று
என்னைக் கேட்டாள், நான் ஏதோ டாக்டர் போல.
கோகுல்நாத், பாலிடெக்னிக், இரண்டாம் வருஷம்.
ஆற்காடு ரோட்டில், கூட்டாளிகளோடு நின்று,
"இன்னாடா, இன்னிக்கு பேன்ட் போட்டுகினியா?"
என்று கேட்டுச் சிரித்தானாம்.
அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு டில்லிபாபுவின் அம்மா.
ஜாமீன் மனு அடிக்க வேண்டும்.
மாதிரி என்னிடமே இருக்கிறது;
பெயரையும் குற்ற எண்ணையும் மாற்றினால் போதும்.
'மனுதாரர் நிரபராதி.'
வாரத்துக்கு முப்பது தடவை அடிக்கிற வரி.
இன்று விரல் நின்றது.

எல்லோருக்கும் காரணம் தெரிந்திருக்கிறது.
ஏட்டு சொல்கிறார்: கஞ்சா.
வக்கீல் குமாஸ்தா சொல்கிறார்: செல்போன்;
பட்டாக்கத்தியில் கேக் வெட்டிப்
போட்டோ போட்டானே, பார்க்கலையா?
ஜூஸ் கடைக்காரர் சொல்கிறார்: அப்பன் இல்லாத வீடு.
ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் தொட்டி கழுவ இறங்கியவர்
ஏறவில்லை, அது உண்மை.
ஆனால் அதே அப்பனுக்குப் பிறந்த முனிரத்தினம்
காட்பாடி ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறான்;
ஒரு நாயைக்கூட விரட்டியதில்லை.
எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறேன்.
கணக்கில் ஒன்று குறைகிறது.

அந்த ஒன்று என்னிடம் இருக்கிறது.

ஐந்து வருஷம் முன்பு
கம்பிக் கூட்டில் டீ கொண்டுவந்தவன் அவன்.
பதினாலு வயது.
எனக்குச் சர்க்கரை கம்மி என்று
ஒரு தடவை சொன்னதுதான்.
ஒரு சித்திரை மத்தியானம்
குமாஸ்தா என் மேஜையில் வைத்த ஐந்நூறு ரூபாயைக் காணோம்.
"நீதானேடா வந்துட்டுப் போன?"
நடுரோட்டில், இருபது பேர் பார்க்க,
சட்டையை, பிறகு பேன்ட்டை,
பிறகும்.
"எங்கடா துட்டு?"
அவன் அடித்தவரைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தான்.
நான் ஒரு கிரயப் பத்திரத்தைக்
காப்பி எடுத்துக்கொண்டிருந்தேன்.
எடுத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் மெஷினில் பேப்பர் சிக்கியது.
இரண்டாம் தட்டை இழுத்தேன்.
வெள்ளைத் தாள்களுக்கு அடியில்
அந்தத் தாள்,
மடங்காமல், சூடாக.

மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன்.
மறுநாள் டீ கொண்டுவந்தது வேறு பையன்.
அப்பாலே டோனர் வாங்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து இந்தப் பக்கம் எது காணாமல் போனாலும்
ஸ்டேஷனுக்கு முதலில் கூப்பிட்டது அவனைத்தான்.
சந்தேகக் கேஸ் ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் சந்தேகமில்லை.
வாய்தாவுக்கு வந்தபோது
பின்னால் இரண்டு பையன்கள் நடந்தார்கள்.
ஏட்டே கொஞ்சம் ஒதுங்கி நின்றார்.
அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டதைக்
கடைக்குள்ளிருந்து பார்த்தேன்.
அதைக் கெத்து என்றார்கள்.
எனக்கென்னவோ
யாரோ உருவிப் போட்ட துணியைத்
தேடி எடுத்து உடுத்திக்கொள்வது போலிருந்தது.

இதையெல்லாம் சொன்னாலும்
கோகுல்நாத்தின் விரல்கள் மடங்கப்போவதில்லை.
கத்தியைப் பிடித்த கை அவனுடையது.
அதை என் தாள் மூடாது.
மூடக் கூடாது.

"எந்தக் கடைக்குப் போறதுன்னு கேட்டேம்மா"
என்கிறாள் அவன் அம்மா, முந்தானையில் முகம் துடைத்தபடி.
"சர்க்கரை கம்மி அக்கா கடைக்குப் போ,
அவங்களுக்குத் தெரியும்னு சொன்னான்."

ஃபேன் திரும்புகிறது.
கர்சர் துடிக்கிறது,
'மனுதாரர்' என்ற சொல்லுக்கும்
அடுத்த சொல்லுக்கும் நடுவில்.